மஞ்சள் பறவைக்குள் ஒரு மனிதர் – அத்தியாயம் 3: இவன் ஒரு குழந்தை

போன வாரம் கேரல் ஸ்பின்னியை மேடையில், கண்கூசும் வெளிச்சத்துக்கு நடுவே தனியாக விட்டுவிட்டு வந்தோம். அங்கிருந்தே தொடருவோம்.

1969, கோடைக்காலம். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் சால்ட் லேக் சிட்டி. பொம்மலாட்டக்காரர்கள் பல ஊர்களிலிருந்து வந்து கூடியிருக்கும் விழா. அரங்கில் இருப்பவர்கள் தொழில் தெரிந்தவர்கள். விரலசைவில் சின்னப் பிசகு வந்தாலும் கண்டுபிடித்துவிடுவார்கள். அவர்கள் முன்னால் புதிதாக ஒன்றைச் செய்து காட்ட வேண்டும் என்று ஸ்பின்னி பெரிய ஏற்பாட்டோடு வந்திருந்தார். பின்னால் திரையில் கார்ட்டூன் படம் ஓடும். முன்னால் அவருடைய பொம்மைகள் அந்தப் படத்தோடு சேர்ந்து நடிக்கும். ஒரு நொடி தவறினாலும் இரண்டும் ஒட்டாது.

ஆட்டம் தொடங்கியதும் ஒரு ஸ்பாட்லைட் வெளிச்சம் பாய்ந்தது. திரையில் ஓடிய படம் வெளுத்துப் போயிற்று. ஸ்பின்னிக்கும் கண் தெரியவில்லை. எந்தக் காட்சி ஓடுகிறது, பொம்மை எப்போது வாய் திறக்க வேண்டும், ஒன்றும் புரியவில்லை. தோன்றியதைப் பேசி, பொம்மைகளை ஆட்டி, எப்படியோ ஒப்பேற்றிவிட்டு இறங்கினார். சக கலைஞர்கள் முகத்தில் இனி எப்படி விழிப்பது என்று கூனிக் குறுகிப்போயிருந்தபோதுதான், தாடி வைத்த ஓர் ஒல்லியான மனிதர் அவரைத் தேடி வந்தார்.

வந்தவர் ஜிம் ஹென்சன்.

அமெரிக்கப் பொம்மலாட்டத்தில் அன்றைக்கு ஹென்சனின் பெயர் மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. அம்மாவின் பழைய கோட்டையும் ஒரு பிங்பாங் பந்தின் இரண்டு பாதிகளையும் வைத்து 1955-ல் அவர் செய்த பொம்மைதான் பின்னாளில் கெர்மிட் தவளையாக உலகம் சுற்றியது. ஸ்பின்னியைவிட மூன்று வயது இளையவர். அவர் ஸ்பின்னியிடம் சொன்ன முதல் வார்த்தை, நீங்கள் செய்ய முயன்றது எனக்குப் பிடித்திருந்தது என்பதுதான். செய்தது பிடித்திருந்தது என்று சொல்லவில்லை, செய்ய முயன்றது என்றார். குலைந்துபோன அந்த ஆட்டத்துக்கு அடியில் ஒரு கலைஞனின் ஆசை என்னவாக இருந்தது என்பதை அந்தக் கூட்டத்தில் அவர் கண்டுகொண்டார். நியூயார்க்குக்கு வாருங்கள், என் பொம்மைகளான மப்பெட்களைப் பற்றிப் பேசலாம் என்றும் அழைத்தார்.

இதே அழைப்பை ஹென்சன் ஏற்கெனவே ஒருமுறை விடுத்திருந்தார். 1962-ல் ஒரு பொம்மலாட்ட விழாவில் இருவரும் சந்தித்தபோதும் இதே பேச்சு வந்தது. ஏதோ மரியாதைக்குச் சொல்கிறார் என்று ஸ்பின்னி நினைத்துக்கொண்டார். அது வேலைக்கான அழைப்பு என்று அவருக்குப் புரியவில்லை. அவர் போகவே இல்லை. ஏழு வருடம் ஓடிப்போயிற்று. இந்த முறை புரிந்துகொண்டார்.

இந்த வாரம்தான் தொடரைப் படிக்கத் தொடங்குபவர்களுக்காக இரண்டே வரி. மாசசூசெட்ஸ் மாநிலம் வால்தம் ஊரில், கிறிஸ்துமஸுக்கு மறுநாள், 1933 டிசம்பர் 26 அன்று பிறந்தவர் ஸ்பின்னி. எட்டு வயதில் பழைய பொருள் விற்பனையில் ஐந்து சென்ட் கொடுத்து ஒரு குரங்குப் பொம்மை வாங்கி வீட்டிலேயே ஆட்டம் போட்டவர். அம்மா செய்து கொடுத்த பொம்மைகளை வைத்து ஊர் ஊராக ஆட்டம் நடத்திப் படிப்புச் செலவுக்குச் சம்பாதித்தவர். விமானப் படையில் இருந்துவிட்டு, 1960-களில் பாஸ்டன் தொலைக்காட்சியின் ‘போஸோ’ கோமாளி நிகழ்ச்சியில் சிங்க வேடமும் இன்னும் பல வேடங்களும் போட்டுக்கொண்டிருந்தவர்.

*

நியூயார்க்கில் ஸ்பின்னிக்காக ஒரு வேலை காத்திருந்தது. அந்த வேலை ஏன் உருவானது என்பதைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

ஜோன் கான்ஸ் கூனி என்ற தொலைக்காட்சித் தயாரிப்பாளர், உளவியல் படித்த லாயிட் மாரிசெட் என்ற நண்பரோடு சேர்ந்து ஒரு திட்டம் தீட்டியிருந்தார். ஏழைக் குழந்தைகள் பள்ளிக்கூடம் போகும் முன்பே எழுத்தையும் எண்ணையும் தொலைக்காட்சி வழியாகக் கற்றுக்கொள்ள வேண்டும். அரசும் அறக்கட்டளைகளுமாக 80 லட்சம் டாலர் கொடுத்தார்கள். நிகழ்ச்சிக்குச் ‘செசமி ஸ்ட்ரீட்’ என்று பெயர். ஒரு தெரு, அதில் கறுப்பரும் வெள்ளையருமாகச் சாதாரண மனிதர்கள், ஒரு மளிகைக் கடை, வாசல் படிக்கட்டு. நடுநடுவே ஹென்சனின் பொம்மைகள் வரும் துண்டுக் காட்சிகள்.

பொம்மைகளும் மனிதர்களும் ஒரே காட்சியில் வரக் கூடாது என்று ஆலோசனை சொன்ன வல்லுநர்கள் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். கற்பனையையும் நிஜத்தையும் கலந்தால் பிஞ்சு மனம் குழம்பிவிடும் என்பது அவர்கள் பயம். அதன்படியே மாதிரி நிகழ்ச்சிகள் தயாராகி, 1969 ஜூலையில் பிலடெல்பியாவில் குழந்தைகளுக்குப் போட்டுக் காட்டப்பட்டன. ஆய்வுப் பிரிவின் தலைவர் எட்வர்ட் பாமர் இதற்கென்றே ஒரு முறை வைத்திருந்தார். தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பக்கத்தில் இன்னொரு திரை. அதில் ஏழரை நொடிக்கு ஒருமுறை வேறு வேறு படம் மாறிக்கொண்டே இருக்கும். குழந்தை எந்தப் பக்கம் பார்க்கிறது என்று குறித்துக்கொள்வார்கள். நிகழ்ச்சி சுவையாக இருந்தால் கண் பெட்டியை விட்டு நகராது. சலித்தால் பக்கத்துத் திரைக்குப் போய்விடும்.

முடிவு எல்லோரையும் கலங்கடித்தது. பொம்மைகள் வந்தபோது குழந்தைகள் கண் இமைக்காமல் பார்த்தார்கள். தெருவில் மனிதர்கள் மட்டும் பேசியபோது திரும்பிக்கொண்டார்கள். நிகழ்ச்சியின் உயிர்நாடியே அந்தத் தெருதான், அதுவே படுத்துவிட்டது. ஒளிபரப்புக்கு நான்கு மாதம்கூட இல்லை.

வல்லுநர் அறிவுரையை மீறுவது என்று முடிவெடுத்தார்கள். பொம்மைகள் தெருவுக்கு வர வேண்டும், மனிதர்களோடு மனிதர்களாக வாழ வேண்டும். அதற்காக ஹென்சன் இரண்டு பாத்திரங்களை உருவாக்கினார். ஒன்று, மனிதனைவிட உயரமாக நடந்துவரும் ஒரு பறவை. மற்றொன்று, குப்பைத் தொட்டிக்குள் குடியிருக்கும் ஒரு சிடுமூஞ்சி.

பறவையை முதலில் தன் வலதுகையாக இருந்த ஃப்ராங்க் ஆஸுக்குக் கொடுக்கத்தான் ஹென்சன் நினைத்தார். அதற்குமுன் ஒரு விளம்பரத்துக்காக டிராகன் உடைக்குள் புகுந்து அவதிப்பட்டவர் ஆஸ். முழு உடல் உடை என்றாலே வேண்டாம் என்றுவிட்டார். அப்படிக் காலியான இடம்தான் ஸ்பின்னிக்கு வந்தது. பறவை, சிடுமூஞ்சி இரண்டுமே அவருக்கு.

*

சிடுமூஞ்சியின் பெயர் ஆஸ்கர். பொம்மை தயார், குரல் மட்டும் இல்லை. ஹென்சனுக்கு முன்னால் அதை முதன்முதலாகப் பேசவைக்க வேண்டிய நாள் வந்தது. எப்படிப் பேசுவது என்று ஒன்றும் தோன்றாமல் டாக்சியில் ஏறி உட்கார்ந்தார் ஸ்பின்னி. ஓட்டுநர் பிராங்க்ஸ் பகுதிக்காரர். எங்கே போகணும் என்று அவர் கேட்ட தொனியிலேயே உலகத்தின் மேல் இருந்த எரிச்சல் முழுவதும் தெரிந்தது. வழிநெடுக நகர மேயரைத் திட்டிக்கொண்டே வந்தார். பின்னிருக்கையில் ஸ்பின்னி அந்தக் குரலை வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

ஸ்டூடியோவுக்குப் போய்த் தொட்டிக்குப் பின்னால் குனிந்து பொம்மையைக் கையில் மாட்டிக்கொண்டார். ஹென்சன் மூடியைத் தட்டினார். மூடி படாரென்று திறந்தது, டாக்சிக்காரரின் குரல் சீறியது. இதுவே போதும் என்றார் ஹென்சன். ஐம்பது வருடம் அமெரிக்கக் குழந்தைகள் கேட்ட அந்த முரட்டுக் குரல் ஒரு டாக்சிப் பயணத்தில் கிடைத்தது. முதல் வருடம் ஆரஞ்சு நிறத்தில் இருந்த ஆஸ்கர் இரண்டாம் வருடத்தில் பச்சையாக மாறினான். குரல் மாறவில்லை.

ஆஸ்கர் சீக்கிரம் கைவந்துவிட்டான். பறவைதான் படுத்தியது.

1969 நவம்பர் 10 அன்று செசமி ஸ்ட்ரீட் முதல் ஒளிபரப்பு. ‘பிக் பேர்ட்’ என்ற பெயரில் தெருவுக்கு வந்தது பறவை. 8 அடி 2 அங்குல உயரம். வான்கோழி இறகுகளுக்கு மஞ்சள் சாயம் ஏற்றி, சுமார் 4,000 இறகுகளை வைத்துச் செய்த உடை. அதற்குள் ஒரு மனிதர் எப்படி நின்றார் என்று தெரிந்துகொள்ள வேண்டுமானால், படிப்பதைக் கொஞ்சம் நிறுத்திவிட்டு வலது கையைத் தலைக்கு மேல் நேராகத் தூக்குங்கள். அந்தக் கைதான் பறவையின் கழுத்து. உள்ளங்கையை மூடித் திறந்தால் அலகு பேசும். சுண்டுவிரலால் ஒரு நெம்புகோலை இழுத்தால் கண்ணிமை அசையும். கையின் உச்சியில் இரண்டு கிலோ அளவுக்கு எடையுள்ள தலை. இந்த நிலையில் நடக்க வேண்டும், பேச வேண்டும், பாட வேண்டும், சில நாள் சக்கரக் காலணி மாட்டிக்கொண்டு உருள வேண்டும். இப்போது கையை இறக்கிக்கொள்ளலாம். ஸ்பின்னி காட்சி முடியும்வரை இறக்க முடியாது.

இடது கை பறவையின் இடது சிறகுக்குள் போய்விடும். வலது கை மேலே இருப்பதால் வலது சிறகுக்குள் ஆள் இல்லை. அதற்குப் பஞ்சடைத்து, ஒரு மீன்பிடி நரம்பைக் கட்டி, கழுத்துக்குக் கீழே ஒரு வளையம் வழியாக இடது மணிக்கட்டோடு இணைத்திருந்தார்கள். இடது சிறகு இறங்கினால் வலது சிறகு ஏறும். இரண்டு சிறகையும் ஒன்றாக உயர்த்த வேண்டுமென்றால் இன்னோர் ஆள் வேண்டும்.

உடைக்கு வெளியே பார்க்க வழியில்லை. நெஞ்சில் கட்டிய ஒரு குட்டி டிவியில் கேமரா காட்டும் படத்தைப் பார்த்துத்தான் தான் எங்கே நிற்கிறோம் என்று ஸ்பின்னி தெரிந்துகொள்வார். அது கண்ணாடியும் அல்ல. வலப்பக்கம் நகர்ந்தால் படத்தில் பறவை இடப்பக்கம் போகும். எதிரே நிற்கும் குழந்தையின் முகத்தை நேரில் பார்க்காமல், தன் நெஞ்சில் தெரியும் சின்னப் படத்தைப் பார்த்தபடி, அந்தக் குழந்தையின் கண்ணுக்கு நேராகப் பறவையின் கண்ணைத் திருப்ப வேண்டும். வசனத்தாளை உடைக்குள்ளேயே ஒட்டிவைத்துப் படிப்பார். ஸ்டூடியோ விளக்குகளின் சூடு வேறு.

பழக வருடக்கணக்காகும் கலை. பழகும்வரை கேமரா காத்திருக்காது. தான் நினைத்த எதுவும் பறவையின் முகத்தில் வரவில்லை என்று ஸ்பின்னிக்குப் பட்டது. நியூயார்க்கில் குடித்தனம் நடத்த அந்தச் சம்பளம் போதவில்லை. வீடு, மனைவி, குழந்தைகள் எல்லாம் தொலைவில் மாசசூசெட்ஸில். முதல் வருடம் முடிவதற்குள் தீர்மானித்துவிட்டார், ஊருக்கே திரும்பிப் போய்விடுவது.

*

இந்த முடிவை அவர் முதலில் சொன்னது கெர்மிட் லவ் என்பவரிடம். ஹென்சனின் ஓவியத்தை வைத்து அந்தப் பறவை உடையை உருவாக்கிய கலைஞர் அவர். தவளைப் பொம்மையின் பெயரும் இவர் பெயரும் ஒன்றாக இருப்பது தற்செயல். தவளை 1955-லேயே பிறந்துவிட்டது. லவ் நாடக மேடையிலும் பாலே நடனத்திலும் உடை செய்து பழகியவர். ஒரு வேடம் ஆளோடு சேர எவ்வளவு காலம் பிடிக்கும் என்று அறிந்தவர். அவர் வாதாடவில்லை. இன்னும் ஒரு மாதம் இருந்து பாருங்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.

ஒரு மாதம்தானே என்று ஸ்பின்னி இருந்தார். அந்த ஒரு மாதம் ஐம்பது வருடமாக நீண்டது. 1970 நவம்பரில் ‘டைம்’ வார இதழ் தன் அட்டையில் பிக் பேர்ட் படத்தைப் போட்டது. ஸ்பின்னி ஊர் திரும்பியிருந்தால் அந்த உடைக்குள் வேறொருவர் இருந்திருப்பார். ஆனால் நாம் அறிந்த பிக் பேர்ட் இருந்திருக்க மாட்டான் என்பது என் உறுதியான எண்ணம். காரணம், இதற்குப் பிறகு ஸ்பின்னி எடுத்த ஒரு முடிவு.

ஆரம்பத்தில் பறவையை ஒரு பட்டிக்காட்டு அசடாகத்தான் உருவாக்கியிருந்தார்கள். தலையில் நாலு இறகு, மந்தமான பார்வை, இழுத்து இழுத்துப் பேசும் கட்டைக்குரல். தடுக்கி விழுவான், முட்டிக்கொள்வான், பார்ப்பவர்கள் சிரிப்பார்கள், அவ்வளவுதான். ஒருநாள் வந்த வசனத்தாளில், குழந்தைகள் காப்பகத்தில் பிள்ளைகள் கும்மாளமிட்டு விளையாடுவதைப் பார்த்துத் தானும் அங்கே சேர வேண்டும் என்று பறவை ஆசைப்படுவதாக இருந்தது. ஸ்பின்னி தயாரிப்பாளர்களிடம் போனார். இவன் அசடு இல்லை, இவன் ஒரு குழந்தை, டிவி முன்னால் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளோடு சேர்ந்து இவனும் கற்றுக்கொள்ளட்டும் என்றார்.

அவர்கள் ஒப்புக்கொண்டார்கள். குரலைச் சற்று உயர்த்தினார். இறகு கூடியது, கண்ணில் வியப்பு வந்தது. பறவைக்கு ஆறு வயது என்றானது. அதன் பிறகு அவன் செய்த தப்புகளைப் பார்த்து யாரும் அவனை மட்டம் தட்டவில்லை. ஆங்கில எழுத்து வரிசை முழுவதையும் ஒரே நீளமான வார்த்தை என்று நினைத்து, அதற்கு என்ன அர்த்தமாக இருக்கும் என்று யோசிப்பான் ஒரு காட்சியில். எழுத்துத் தெரியாத குழந்தை அப்படித்தானே யோசிக்கும்!

பள்ளிக்கூடத்தில் பெண்பிள்ளைப் பெயர் வைத்திருக்கிறான், பொம்மை வைத்து விளையாடுகிறான் என்று கேலிக்கு ஆளானவர் ஸ்பின்னி. வீட்டில் தந்தையின் கடுங்கோபத்தைப் பார்த்து வளர்ந்தவர். முதல் அத்தியாயத்தில் அதைச் சொன்னேன். அப்படிப்பட்ட ஒருவர் தன் கையில் கிடைத்த பாத்திரம் கேலிப்பொருளாக இருப்பதைப் பொறுக்கவில்லை. அவனைப் பரிவோடு பார்க்கவைத்தார். வேறொரு கலைஞர் அந்த அசட்டுத்தனத்தை இன்னும் கூட்டிக் கைதட்டல் வாங்கியிருக்கக் கூடும்.

பறவை குழந்தையானதும் கதைகளும் மாறின. 1971-ல் அவனுக்கு ஒரு தோழன் வந்தான். யானை போலத் தும்பிக்கையும் பழுப்பு ரோமமும் கொண்ட ஸ்னஃபி. பெரியவர்கள் வரும்போதெல்லாம் ஸ்னஃபி நகர்ந்து போயிருப்பான். பறவை எவ்வளவு சொன்னாலும் பெரியவர்கள் நம்ப மாட்டார்கள், உன் கற்பனை என்பார்கள். இந்த வேடிக்கை 14 ஆண்டுகள் ஓடியது. பிறகு தயாரிப்பாளர்களுக்கே கவலை பிறந்தது. குழந்தைகள் மீதான பாலியல் கொடுமைகளைப் பற்றி நாடே பேசத் தொடங்கியிருந்த காலம் அது. உண்மையைச் சொன்னாலும் பெரியவர்கள் நம்ப மாட்டார்கள் என்று நிகழ்ச்சியைப் பார்க்கும் குழந்தை நினைத்துவிட்டால்? 1985 நவம்பரில் ஸ்னஃபியை எல்லோர் கண்ணுக்கும் காட்டினார்கள். பெரியவர்கள் பறவையிடம் மன்னிப்புக் கேட்டு, இனி உன் சொல்லை நம்புவோம் என்றார்கள். அசடாகவே இருந்திருந்தால் அவனிடம் யார் மன்னிப்புக் கேட்டிருப்பார்கள்?

*

கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும், 1982 டிசம்பருக்கு.

தெருவில் மளிகைக் கடை வைத்திருந்த பெரியவர் ஹூப்பர். நடித்தவர் வில் லீ. 1950-களில் கம்யூனிஸ்ட் வேட்டை நடந்தபோது கறுப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டு வாய்ப்புகளை இழந்த நடிகர் அவர். நடிப்புச் சொல்லிக்கொடுத்துப் பிழைத்தவருக்குக் கடைசிக் காலத்தில் கோடிக் குழந்தைகளின் அன்பு கிடைத்தது. பறவைக்கு அவர் பெயர் ஒருநாளும் சரியாக வாயில் வராது. லூப்பர் என்பான், கூப்பர் என்பான். ஹூப்பர் என்று அவர் திருத்துவார். வருடக்கணக்கில் நடந்த விளையாட்டு இது.

டிசம்பர் 7 அன்று வில் லீ மாரடைப்பால் இறந்துபோனார். வயது 74.

வேறு நடிகரைப் போடலாமா, ஹூப்பர் வேலையிலிருந்து ஓய்வுபெற்று ஊர் மாறிப் போய்விட்டார் என்று சொல்லிவிடலாமா என்றெல்லாம் யோசித்தார்கள். எல்லாமே சுலபமான வழிகள். கடைசியில், இறந்துபோனார் என்றே குழந்தைகளிடம் சொல்வது என்று முடிவானது. நிகழ்ச்சியின் எழுத்தாளர் நார்மன் ஸ்டைல்ஸ் எழுத உட்கார்ந்தார். குழந்தை உளவியல் வல்லுநர்களையும் சமயப் பெரியவர்களையும் கேட்டார்கள். நோய், ஆஸ்பத்திரி என்று பேச வேண்டாம் என்று தீர்மானித்தார்கள். அடுத்த முறை காய்ச்சலில் படுக்கும் குழந்தை, தானும் செத்துப்போவோமோ என்று பயந்துவிடக் கூடாது. தூங்கிவிட்டார் என்றும் சொல்லக் கூடாது, குழந்தை தூங்கப் பயப்படும். ஒளிபரப்புக்கு 1983 நவம்பர் 24 என்று நாள் குறித்தார்கள். நன்றியறிதல் திருநாள், அம்மா அப்பா வீட்டில் இருப்பார்கள். பார்த்த பிறகு குழந்தை கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்ல ஆள் வேண்டுமல்லவா?

இந்தச் செய்தியை யாரிடம் சொல்வது? பறவையிடம்தான். தெருவில் இருக்கும் குழந்தை அவன்தானே.

அந்த அத்தியாயத்தில் முதலில் பறவை தலையைக் கால்களுக்கு நடுவே தொங்கவிட்டுக்கொண்டு நடந்து வருவான். ஏன் இப்படி நடக்கிறாய் என்று கேட்டால், சும்மாதான் என்பான். பிறகு பெரியவர்கள் எல்லோரும் உட்கார்ந்திருக்கும் இடத்துக்கு, தான் வரைந்த அவர்கள் முகங்களைக் கொண்டுவருவான். அந்தப் படங்களை நிஜமாகவே வரைந்தவர் ஸ்பின்னி. ஒவ்வொருவருக்கும் அவரவர் படத்தைக் கொடுப்பான். கடைசியில் ஒரு படம் மிஞ்சும். ஹூப்பர் எங்கே, அவரிடம் கொடுக்க வேண்டும் என்பான்.

அவர் இறந்துவிட்டார் என்று உனக்குச் சொன்னோமே என்பார்கள். ஆமாம், ஞாபகம் இருக்கிறது, அவர் திரும்பி வந்ததும் கொடுக்கிறேன் என்பான் பறவை. வர மாட்டார், இறந்துபோனவர்கள் திரும்பி வருவதில்லை என்பார்கள். ஏன்? யார் எனக்குப் பறவைத் தீனி கொடுப்பார்கள்? யார் கதை சொல்வார்கள்? கேட்டுக்கொண்டே போவான். ஏன் இப்படி நடக்க வேண்டும் என்று அவன் கடைசியாகக் கேட்கும்போது, சும்மாதான், இப்படித்தான், வேறு காரணம் இல்லை என்பார் அந்தப் பெரியவர்களில் ஒருவரான கார்டன். காலையில் பறவை சிரிப்பாகச் சொன்ன அதே பதில்.

அந்தக் காட்சியில் நடிகர்கள் வடித்தது நிஜக் கண்ணீர். சில நிமிடக் காட்சிதான். அதில் பறவையின் முகத்தைக் கவனித்துப் பார்க்க வேண்டும். நுரைப்பஞ்சும் இறகும் ஒட்டிய முகம். அதில் அசையக்கூடியவை இமையும் அலகும் மட்டும். ஆனால் கழுத்து கொஞ்சம் கொஞ்சமாகத் தாழும், ஒரு கேள்விக்கும் அடுத்த கேள்விக்கும் நடுவே தலை ஒரு பக்கம் சாயும், குரல் தொண்டையில் சிக்கும். உள்ளே ஒரு மனிதர், தன்னோடு 13 வருடம் வேலை பார்த்த நண்பரை இழந்தவர், வலது கையை மேலே தூக்கியபடி, இருட்டில், நெஞ்சில் கட்டிய சின்னத் திரையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். அவருடைய துக்கம் முழுவதும் அந்தத் தூக்கிய கை வழியாகத்தான் வெளியே வந்தாக வேண்டும். தொலைக்காட்சியில் நடிப்பின் உச்சங்கள் என்று எந்தப் பட்டியல் போட்டாலும் முகமே தெரியாத இந்த நடிப்புக்கு நான் முதல் வரிசையில் இடம் கொடுப்பேன்.

அதே 1983-ல்தான் ‘பிக் பேர்ட் இன் சைனா’ ஒளிபரப்பானது. சீனா தன் கதவுகளை மெல்லத் திறந்துகொண்டிருந்த காலத்தில், பெருஞ்சுவர்மீதும் சீன நகரத் தெருக்களிலும் அந்த உடைக்குள் நடந்தார் ஸ்பின்னி. மொழி தெரியாத ஊரில் குழந்தைகள் பறவையைப் பார்த்து ஓடி வந்தார்கள். பறவையைத் தெரியாத நாடு இல்லை என்றானது. ஸ்பின்னியோ கடைத்தெருவில் நடந்தால் ஒருவரும் திரும்பிப் பார்க்காத மனிதராகவே இருந்தார். அதில் அவருக்குக் குறை இல்லை.

பறவையின் இந்தப் புகழ் இன்னோர் இடத்தையும் எட்டியது. அமெரிக்க விண்வெளி அமைப்பான நாசா அப்போது, பயிற்சி பெற்ற விண்வெளி வீரர்களோடு ஒரு சாதாரணக் குடிமகனையும் மேலே அனுப்பத் திட்டமிட்டுக்கொண்டிருந்தது. குழந்தைகளுக்கு விண்வெளிமேல் ஆசை வர வேண்டும். அதற்கு யாரை அனுப்பலாம் என்று பேச்சு ஓடியது.

1980-களின் நடுவில் ஒருநாள் ஸ்பின்னிக்கு நாசாவிலிருந்து ஒரு கடிதம் வந்தது. பிக் பேர்டாகவே விண்கலத்தில் ஏறி, பூமியைச் சுற்றிவரச் சம்மதமா?

ஸ்பின்னி சம்மதித்தார். மிச்சம் இருந்தது ஒரே ஒரு கேள்வி. 8 அடி 2 அங்குலப் பறவைக்கு அந்தக் கலத்துக்குள் இடம் இருக்குமா?

பிற்பாடு அந்தப் பயணத்துக்கு ஒதுக்கப்பட்ட விண்கலத்தின் பெயர் சாலஞ்சர்.

(தொடரும்)